யார் வாசிப்பது? ஜாஸ் இசைத்தட்டும் ரசிகர்கள் எழுதிய வரலாறும்

பழைய கிராமபோன் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் என்ன இருக்கும்? கம்பெனியின் பெயர், பாட்டின் தலைப்பு, எந்த வகை ஆட்டத்துக்கு ஏற்றது என்ற குறிப்பு, விற்பனை எண். அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்னும் சிற்றூரில் ஜெனெட் கம்பெனியார் 1923 ஏப்ரலில் பதிவு செய்த சில தட்டுகளில் ‘கிங் ஆலிவர் கிரியோல் ஜாஸ் பேண்ட்’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அந்தக் குழுவில் இரண்டாவது கார்னெட் ஊதியவர் இருபத்தோரு வயது இளைஞர். பெயர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். பின்னாளில் உலகமே அறிந்த அந்தப் பெயர் அந்தத் தட்டில் கிடையாது.

அந்தப் பெயரையும் அதைப் போன்ற நூற்றுக்கணக்கான பெயர்களையும் தேடி எடுத்து வரிசைப்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தால், முதலில் வருகிறவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். ரேடியோக் கடைக்காரர், வேலையில்லாத ஓவியர், காபிக் கடை நடத்தியவர், கல்லூரி மாணவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான். “இப்போ உங்க வீட்டில் என்ன தட்டு ஓடுது? அதில் வாசிப்பது யார்?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதிலிருந்தே ஜாஸ் என்ற இசையின் வரலாறு எழுந்தது. நாற்பது வருஷம் பாத்திர வியாபாரம் செய்தவன் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்குத் தனி உற்சாகம் தருகிறது என்பதை மறைப்பானேன்!

இசையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜாஸ் என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருவானது. அதன் உயிர் மனோதர்மத்தில் இருக்கிறது. நம் கச்சேரியில் நிரவலும் கற்பனாஸ்வரமும் எப்படியோ, அப்படி. காகிதத்தில் எழுதிய சுரங்களைப் பார்த்தால் எலும்புக்கூடு மட்டுமே கிடைக்கும். ஒரே மெட்டை ஒரே நாளில் இரண்டு முறை பதிவு செய்தாலும் இரண்டும் வேறுவேறாக இருக்கும். ஆகவே இந்த இசைக்குத் தட்டுதான் மூலபாடம். தட்டு இல்லையேல் பாடமே இல்லை. பட்டி போல்டன் என்ற கார்னெட் கலைஞரை நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் ஆதிகுருவாகச் சொன்னார்கள். 1907இல் அவர் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். 1931இல் அங்கேயே மறைந்தார். அவர் ஊதிய ஒரு நொடிகூட நம் காதுக்கு எட்டவில்லை. மாறாக, ஜாஸ் என்ற பெயரோடு வெளிவந்த முதல் தட்டை 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக வாசித்தவர்கள் ஐந்து வெள்ளைக்காரர்கள். யாருடைய கலையோ அவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. கதை தொடக்கத்திலேயே கோணல்.

சரக்கைப் போல் விற்றார்கள்

ஜெனெட் கம்பெனி ஒரு பியானோத் தொழிற்சாலையின் கிளை. பதிவுக்கூடம் ரயில் பாதையை ஒட்டி இருந்ததால் வண்டி போகும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. மைக் வராத காலம். பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாய்க்கு முன்னால் எல்லாரும் நெருங்கி நின்று வாசிப்பார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் நாதம் மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரைத் தள்ளி நிறுத்தினார்கள் என்று அந்தக் குழுவின் பியானோக் கலைஞரும் பிற்பாடு அவர் மனைவியுமான லில் ஹார்டின் சொல்லியிருக்கிறார். கேட்கச் சங்கடமான இன்னொரு விஷயமும் உண்டு. கறுப்பினத்தாரைக் கொடுமைப்படுத்திய கூ கிளக்ஸ் கிளான் கும்பலுக்கும் இதே கம்பெனிதான் கூலிக்குத் தட்டு அடித்துக் கொடுத்தது. யந்திரத்துக்குச் சாதி ஏது, காசு வந்தால் சரி.

விஸ்கான்சின் மாநிலத்துப் பாரமவுண்ட் கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. அது நாற்காலி செய்யும் கம்பெனியின் பிள்ளை. கிராமபோன் வைக்கும் மரப்பெட்டி செய்தார்கள். பெட்டி விற்கத் தட்டு வேண்டும் என்று தட்டும் போட்டார்கள். கறுப்பினத்தார் வாங்குவதற்கென்றே தனி வரிசை எண்ணில், ‘ரேஸ் ரிக்கார்டு’ என்ற பெயரில், அவர்கள் குடியிருப்புக் கடைகளில் விற்றார்கள். அடுத்த தெருவில் இருந்த வெள்ளைக்காரனுக்கு அப்படி ஒரு இசை இருப்பதே தெரியாது.

1929இல் பொருளாதாரம் சரிந்தது. ஒரு பக்கம் இலவசமாகப் பாடும் ரேடியோ, மறு பக்கம் வேலையின்மை. 1927க்கும் 1932க்கும் இடையில் அமெரிக்கத் தட்டு விற்பனை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பாரமவுண்டை மூடினார்கள். தட்டு அடிக்கப் பயன்பட்ட உலோக மூல அச்சுகள் பழைய தகரமாக எடைக்குப் போயின. வியாபாரியாக நின்று பார்த்தால் அதில் குற்றம் காண முடியாது. ஓடாத சரக்கை யார் கிடங்கில் வைத்திருப்பார்? ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அச்சு போனபின் மிஞ்சியது ஏழைகள் வீட்டுப் பரணில் கிடந்த, ஊசி தேய்த்த தட்டுகள் மட்டுமே. அந்தக் கம்பெனியின் சில பாடல்களுக்கு உலகத்தில் ஒன்றிரண்டு படிகள்தான் உண்டு. சிலவற்றின் எண் பட்டியலில் இருக்கிறது, தட்டு கிடைத்தபாடில்லை.

இந்த நிலையில்தான் ரசிகர்கள் கிளம்பினார்கள். 1930களில் கறுப்பினக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார்கள். சில காசுக்கு வாங்கி அதிக விலைக்குக் கைமாற்றியவர்களும் அவர்களில் உண்டு, எல்லாரும் துறவிகள் அல்லர். நியூயார்க் 42ஆம் தெருவில் தகப்பனாரின் ரேடியோக் கடையைப் பார்த்துக்கொண்ட மில்ட் கேப்ளர் என்ற இளைஞர் கடை வாசலில் தட்டு ஓடவிட்டார். கூட்டம் சேர்ந்தது. கம்பெனிகள் கைவிட்ட பழைய பதிவுகளைத் தம் செலவில் மறுபடி அடித்துத் தரச் சொல்லி வாங்கி விற்றார். அப்போது அவர் செய்த ஒரு சிறிய காரியம்தான் பெரிது: வட்டக் காகிதத்தில் பதிவான தேதியையும், யார் யார் என்ன வாத்தியம் என்ற முழுப் பட்டியலையும் அச்சிட்டார். அப்படிச் செய்த முதல்வர்களுள் அவர் ஒருவர். 1939 ஏப்ரலில், கறுப்பினத்தாரை மரத்தில் தூக்கிலிடும் கொடுமையைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலைப் பில்லி ஹாலிடே பதிவு செய்ய விரும்பியபோது, அவர் ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. அதை வெளியிட்டவர் இந்தக் கடைக்காரர்தான், தம் கடையின் பெயரால் நடத்திய காமடோர் தட்டில்.

எண்ணைப் படித்தவர்

கடல் தாண்டி ஐரோப்பாவில் இந்த ஆர்வம் இன்னும் முறையாக நடந்தது. லண்டனில் 1933இல் முதல் ‘ரிதம் கிளப்’ தொடங்கியது. உறுப்பினர் ஒருவர் தம் தட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டு விளக்குவார். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள். பாரிஸில் அதற்கு முந்தைய ஆண்டே ‘ஹாட் கிளப்’ அமைந்துவிட்டது. அதில் முக்கியமானவர் இருவர்: ஊக் பனாசியே, ஷார்ல் தெலோனே. தெலோனே புகழ்பெற்ற ஓவியத் தம்பதியின் மகன், 1911இல் பிறந்தவர். அவர் 1936இல் ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ என்ற நூலை வெளியிட்டார். உலகத்தில் இந்த வகை நூல்களுக்கு அதுவே முன்னோடி எனலாம். எந்தக் குழு, எந்தத் தேதி, யார் யார் வாசித்தார்கள், என்னென்ன எண்ணில் தட்டு வந்தது என்று ஒரு பெரிய அடங்கல்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் சுவையான இடம். தட்டின் வட்டக் காகிதத்தை ஒட்டியுள்ள மழமழப்பான இடத்தில் பொடியாக ஓர் எண் பதிந்திருக்கும். அது விற்பனை எண் அன்று. பதிவுக்கூடத்தில் மெழுகுப் பலகையில் இட்ட அச்சு எண். அந்த எண்கள் வரிசையாகப் போவதால், இரண்டு எண்களின் தேதி தெரிந்தால் நடுவிலுள்ளதன் தேதியை ஊகித்துவிடலாம். எண்ணுக்குப் பக்கத்தில் 1, 2 என்றோ ஏ, பி என்றோ இருந்தால் அது எத்தனையாவது முறை வாசித்தது என்று பொருள். ஒரே விற்பனை எண்ணில், சில நேரம் ஒரு முறை வாசித்ததும் சில நேரம் மறு முறை வாசித்ததும் வெளிவந்துவிடும். பாரிஸ்காரர் கையிலுள்ள தட்டும் நியூயார்க்காரர் கையிலுள்ள தட்டும் பெயரில் ஒன்று, இசையில் வேறு! இது வெளிப்பட்டதே ரசிகர்கள் கடிதம் எழுதி “உன் தட்டில் என்ன எண்?” என்று ஒப்பிட்டதால்தான். பித்தளைக் குடத்தின் அடியைத் திருப்பி முத்திரை பார்த்தே வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த வித்தை உடனே பிடிபடும்.

தட்டை மட்டும் நம்பினால் வரும் கேட்டுக்கும் இதே கிளப்பில் சாட்சி உண்டு. பனாசியே 1934இல் எழுதிய முதல் நூலில் வெள்ளைக்காரக் கலைஞர்களை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார். காரணம் எளிது, பிரான்சுக்கு வந்து சேர்ந்த தட்டுகள் பெரும்பாலும் அவர்களுடையவை. பிறகு மற்ற தட்டுகளைக் கேட்டு, கறுப்பினக் கலைஞர்களையும் நேரில் அறிந்தபின், 1942இல் வந்த நூலில் தம் பழைய கருத்தை வெளிப்படையாகத் திருத்திக்கொண்டார். அவருடைய மற்ற பிடிவாதங்கள் எனக்கு உவப்பில்லை. பிற்காலத்துப் புதிய ஜாஸை ஜாஸே அல்ல என்று சாதித்து நண்பர் தெலோனேயோடு பகைத்துக்கொண்டார். அச்சில் வந்ததை மறுத்து அச்சிலேயே எழுதிய அந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கலாம்.

அரக்கும் போரும்

இங்கே நம் நாடு கதைக்குள் வருகிறது. அந்தக் காலத் தட்டு எதனால் ஆனது தெரியுமோ? கல்பொடி, கரிப்புகைத் தூள், பஞ்சு இழை, இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் அரக்கு. அரக்கு பெரும்பாலும் நம் சோட்டா நாகபுரிக் காடுகளில், புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சியிடமிருந்து எடுப்பது. கல்கத்தாத் துறைமுகம் வழியாக உலகமெல்லாம் போயிற்று. ஆர்ம்ஸ்ட்ராங்கின் நாதம் நம் காட்டு அரக்கில்தான் பதிந்தது என்றால் மிகையாகாது. பூச்சி மடியாமல் அரக்கு கிடையாது. சமண இல்லறத்தார் விலக்க வேண்டியவை என்று நூல்கள் எண்ணும் பதினைந்து தொழில்களுள் அரக்கு வாணிபமும் ஒன்று. கிராமபோன் வீட்டுக்குள் வந்தபோது எங்கள் பெரியவர்களில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்தார்களோ! வினைல் வந்தபின் அந்தச் சங்கடம் ஒருவாறு தீர்ந்தது.

1942இல் போர் கிழக்கே பரவவும் அரக்கு வரத்து தடைப்பட்டது. அமெரிக்க அரசு கைவசம் இருந்ததைப் போர்த் தேவைக்கு ஒதுக்கி, தட்டுக் கம்பெனிகளின் அரக்கு உபயோகத்தை எழுபது சதவீதம் குறைத்தது. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதியது என்று பல கடைகளில் கேட்டார்கள். அப்படி உருக்கப்பட்டவற்றில் திரும்பக் கிடைக்காத தட்டு எத்தனை போயிற்றோ. மறுபுறம் ராணுவம் தன் வீரர்களுக்காக 1943 முதல் ‘வி டிஸ்க்’ என்ற தட்டுகளை அனுப்பியது. அரக்குத் தட்டு வழியில் உடையும் என்பதால் இவற்றை வினைலில் அடித்தார்கள். 1949இல் அது நின்றபோது, கலைஞர் சங்கத்தோடு செய்த ஏற்பாட்டின்படி மூல அச்சுகளை அழித்தார்கள். மறுபடியும் அதே கதை. ஆள் கையில் இருந்தது மட்டும் பிழைத்தது.

ஜெர்மனியில் நாஜிகள் ஜாஸை இழிந்த இனத்தாரின் கூச்சல் என்று ஒடுக்கினார்கள். அதே ஜெர்மன் விமானப்படையில் டீட்ரிச் ஷூல்ட்ஸ் கேன் என்ற அதிகாரி தட்டுப் பைத்தியம். போரின் நடுவே தம் நண்பர்களோடு சேர்ந்து, முனைகளில் சிதறியிருந்த ரசிகர்களுக்கு எந்தத் தட்டு எங்கே கிடைக்கிறது, யார் வாசித்தது என்ற செய்திகளை ரகசியச் சுற்றறிக்கையாக அனுப்பினார். பாரிஸில் 1942இல் எடுத்த படத்தில் அவர் முழுச் சீருடையில், ஜிப்சி இனத்துக் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் பக்கத்தில், கறுப்பினக் கலைஞர்களோடு நிற்கிறார். அதே பாரிஸில் தெலோனேயின் ஹாட் கிளப் கட்டடம் நாஜி எதிர்ப்பாளர்களின் செய்தி நிலையமாகவும் இருந்தது. 1943இல் கெஸ்டபோ அவரைப் பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தது. அந்த ஆண்டில்கூட அவருடைய அடங்கலின் புதிய பதிப்பு வெளிவந்தது என்பதை என்னென்பது!

ஜப்பானில் நடந்ததுதான் என் மனத்தை அதிகம் தொட்டது. அங்கே 1920களின் இறுதி முதல் ‘ஜாஸ் கிஸ்ஸா’ என்ற காபிக் கடைகள் உண்டு. ஒரு காபி வாங்கிவிட்டு உட்கார்ந்து தட்டுக் கேட்கலாம். யோகொஹாமாத் துறைமுகத்தில் யோஷிதா மாமொரு என்பவர் 1933இல் ‘சிகூசா’ என்ற கடையைத் திறந்தார். 1943 ஜனவரியில் அரசாங்கம் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க, ஆங்கிலப் பாடல்களைப் பகை இசை என்று தடை செய்து, தட்டுகளை ஒப்படைக்கச் சொன்னது. யோஷிதா தம் தட்டுகளை மறைத்து வைத்தார். போலீசிடமிருந்து காத்தவற்றை 1945 மே மாதத்து அமெரிக்கக் குண்டுவீச்சு எரித்துவிட்டது. அமெரிக்க இசையைக் காத்தவனை அமெரிக்கக் குண்டே அழித்தது. போர் முடிந்தபின் பழைய வாடிக்கையாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தட்டு கொடுத்து உதவ, அமெரிக்கச் சிப்பாய்கள் வழியாக வி டிஸ்க்குகளும் வந்து சேர, கடை மறுபடி எழுந்தது. பின்னாளில் பெரும் பெயர் பெற்ற பியானோக் கலைஞர் தொஷிகோ அகியோஷி, சாக்ஸபோன் கலைஞர் சதாவோ வதனபே போன்றோர் அங்கே உட்கார்ந்து தட்டைக் கேட்டுக் கேட்டே பாடம் படித்தவர்கள்.

1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் சுற்றில் சற்று மேல் சுழலும் வினைல் எல்.பி.யை அறிமுகம் செய்தது. மூன்று நிமிடத் தட்டு இருபது நிமிடத்துக்கு மேல் நீண்டது. அட்டையும் வந்தது, அட்டையின் பின்பக்கத்தில் வாசித்தவர் எல்லாருடைய பெயரும் வந்தது. முன்னர்க் கிளப்புகளில் கெஞ்சித் தேடிய பட்டியல் இப்போது விற்பனைச் சரக்கின் ஓர் அங்கம். ஜப்பானில் வெளிநாட்டு எல்.பி. சாமானியர் வாங்கும் விலையில் இல்லாததால் 1950, 60களில் கிஸ்ஸாக்கள் பெருகின. பல கடைகளில் பேசக்கூடாது என்பது சட்டம். ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் அட்டையை மட்டும் எல்லார் கண்ணுக்கும் படும்படி ஒரு தாங்கியில் நிறுத்தி வைப்பார்கள். கேள்வி கேட்காமலே விடை! ஆர்ட் பிளேக்கி 1961இலும், ஜான் கோல்ட்ரேன் 1966இலும் ஜப்பான் போனபோது அவர்கள் வாசித்ததை இன்ன தட்டில் இன்ன இடம் என்று அறிந்த சபை அங்கே முன்பே தயாராக இருந்தது. சிகூசா 2007இல் மூடப்பட்டபோதும் ரசிகர்கள் விடவில்லை; 2012இல் மறுபடி திறந்தார்கள்.

நம் பம்பாய்

நம் நகரத்துக்கும் இதில் பங்குண்டு. 1935இல் லியான் அபே என்பவரின் கறுப்பினக் குழு தாஜ் ஹோட்டலுக்கு வந்து வாசித்தது. அவர்களிடமிருந்தும், இறக்குமதித் தட்டுகளிலிருந்தும் கோவாக் கலைஞர்கள் ஜாஸ் கற்றார்கள். சிக் சாக்லேட் என்று பெயர் பெற்ற அன்தோனியோ சேவியர் வாஸை பம்பாயின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்றே சொல்வார்கள். 1952இல் நிரஞ்சன் ஜவேரி முதலிய ரசிகர்கள் ‘புளூ ரிதம்’ என்ற ஜாஸ் பத்திரிகை நடத்தினார்கள். 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர், தட்டைப் போடுமுன் யார் யார் வாசிப்பது என்று நிதானமான ஆங்கிலத்தில் படிப்பார். சிற்றலையில் அதைக் குறித்துக்கொண்ட பம்பாய்க்காரர் உண்டு. அதே ஜவேரி 1978இல் ரங் பவனில் ‘ஜாஸ் யாத்ரா’ நடத்தியபோது சாக்ஸபோன் மேதை சானி ரோலின்ஸ் நேரில் வந்து வாசித்தார்.

ஆனால் இந்தக் கோவாக் கலைஞர்கள் வயிறு வளர்த்தது சினிமாவில். சி. ராமச்சந்திராவின் ‘அல்பேலா’ 1951இல் வந்தது. அதன் துள்ளலுக்குப் பின்னால் சிக் சாக்லேட்டின் கை உண்டு. தட்டில் அவர் பெயரைத் தேடாதீர்கள். பாடகி பெயருக்கே கதி அப்படி: 1949இல் ‘மஹல்’ படத்து ‘ஆயேகா ஆனேவாலா’ தட்டில் முதலில் அச்சானது கதாபாத்திரத்தின் பெயரான காமினி, லதா மங்கேஷ்கர் அல்ல. வாத்தியக்காரரைக் கேட்பானேன். தமிழ்த் திரைத் தட்டிலும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் உண்டு. வயலினும் டிரம்பெட்டும் யார் என்று இல்லை. ஆங்கே கேப்ளரும் தெலோனேயும் 1930களில் தொடங்கிய வேலையை, இங்கே கிரிகரி பூத் என்ற வெளிநாட்டு ஆய்வாளர் வயதான பம்பாய்க் கலைஞர்களை நேரில் தேடிக் கேட்டு 2008இல்தான் நூலாக்கினார். அதற்குள் பலர் மறைந்துவிட்டனர்.

இன்று வினைல் மறுபடி விலைபோகிறது. அமெரிக்காவில் 2022இல் எல்.பி.கள் எண்ணிக்கையில் சி.டி.யை மிஞ்சின, 1987க்குப் பின் அதுவே முதல் முறை. சோர் பஜாரிலும் பழைய தட்டுக்கு விலை ஏறியிருக்கிறது. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தட்டு இருந்தால், எடைக்குப் போடுமுன் காகிதத்தை ஒட்டியுள்ள அந்தப் பொடி எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ஸ்டுடியோவில் வாசித்த பெரியவர் யாராவது உங்கள் கட்டடத்தில் இருந்தால், அந்தத் தட்டை ஓடவிட்டு, இதில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டு அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.